விளக்குகள் நல்ல நிலையில் இருந்தன

பழைய காரின் முன்விளக்கு மங்கிப்போனால் பற்பசை வைத்துத் தேய்த்தால் போதும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அது பொய் இல்லை. தேய்த்தால் பளிச்சென்று ஆகும். இரண்டு வாரம் நிற்கும், மிஞ்சிப்போனால் ஒரு மாதம். அப்புறம் முன்னைவிட மோசமாக மஞ்சளடிக்கும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படிப் பற்பசையில் ஆரம்பித்தவர்கள்தான். நான் யாரையும் கேலி செய்ததில்லை. "பல்லு விளக்கினது போக மிச்சமா?" என்று மட்டும் கேட்பேன். அவர்களும் சிரித்துவிடுவார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் மேடம், நான் சொல்வதை நீங்கள் எழுதும்போது 'விளக்குக் கண்ணாடி' என்று எழுதுகிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். கண்ணாடியாக இருந்திருந்தால் நான் செய்தது எதுவும் நடந்திருக்காது. அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பூச்சு போனதும் மஞ்சளாகும், பிறகு பால் படிந்ததுபோல் வெளுக்கும், பொடிப்பொடியாகக் கீறல் விழும். உள்ளே பல்பு எப்போதும்போலத்தான் எரியும். வெளிச்சம் சாலைக்கு வராமல் விளக்கின் முகத்திலேயே புகை மாதிரி நின்றுவிடும்.

அதைச் சரி செய்வதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. பெயிண்டில் படாமல் சுற்றிலும் டேப் ஒட்டுவேன். தண்ணீர் விட்டு முதலில் சொரசொரப்பான எண்ணூறாம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் ஆயிரத்து ஐந்நூறு, அப்புறம் மூவாயிரம். பிறகு மெஷினில் பாலிஷ், கடைசியில் பூச்சு. ஒரு விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. எண்ணூறு போட்டதும் விளக்கு முன்பிருந்ததைவிட மங்கிவிடும். சொந்தக்காரர்கள் பதறுவார்கள். "பொறுங்க, இன்னும் பாதி வேலை இருக்கு" என்பேன். நல்லபடியாக ஆவதற்கு முன் கொஞ்சம் கெட்டுத்தான் ஆக வேண்டும். யாருடைய வண்டியையும் நான் பாதியில் விட்டதில்லை. ஒன்றைத் தவிர.

என் மகளை நீங்கள் ஃபைலில்தான் பார்த்திருப்பீர்கள். வயது இருபத்தொன்பது, தொழில் பிசியோதெரபிஸ்ட் என்று அதில் இருக்கும். இப்போது முப்பத்திரண்டு. வீட்டில் அவள் பாப்பாதான். அவளுடைய அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர். காலையிலிருந்து மூன்று மணி வரை ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு வீடு வீடாகப் போவாள். பக்கவாதத்தில் விழுந்தவர்களை நிற்கவைப்பாள், நடக்கவைப்பாள். நான் பதினேழு வருடம் ஓட்டிய காரைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன். யாராவது முதல்முறை தானாக நான்கு அடி நடந்துவிட்டால் அன்றைக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். "ப்பா, போஸ்ட்மேன் இன்னிக்கு வாசப்படி இறங்கிட்டாரு. இறங்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? யாருக்காச்சும் லெட்டர் இருந்தா குடுங்க, போட்டுட்டு வரேன்னாரு." அந்த போஸ்ட்மேன் ரிட்டயர் ஆகிப் பல வருடம். அவரை நிற்கவைக்க அவளுக்கு ஏழு மாதம் ஆனது.

நான் ஆறு மணிக்குக் கடையைச் சாத்துவேன். அவள் வர எட்டரை ஆகும். நடுவில் இரண்டரை மணி நேரம். இது ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். இல்லைதான். டிவியைப் போட்டுவிடுவேன், வீட்டில் ஏதாவது குரல் கேட்க வேண்டுமே. இரண்டு தட்டை எடுத்து வைப்பேன். தெருமுனையில் திரும்புகிற ஒவ்வொரு வண்டிக்கும் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள், "லைட்டு கொஞ்சம் மங்குதுப்பா. ஞாயித்துக்கெழம பாத்துக் குடுங்களேன்" என்றாள். உண்மையிலேயே மங்கியிருந்தது, அதில் என் கை இல்லை. அந்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல், செய்ய முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைசி இரண்டு வீடுகளை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டாளாம். ஏழு மணிக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய அம்மா போனதிலிருந்து எனக்கு அப்படி ஒரு வாரம் வாய்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு காரின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கழுவினேன். டேப் ஒட்டினேன். எண்ணூறு போட்டேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்று அப்போது கேட்டிருந்தால் கை வலித்தது என்று சொல்லியிருப்பேன். மேலே மெழுகைத் தடவித் துடைத்தேன். பகலில் பார்ப்பவருக்கு மினுமினுவென்றுதான் இருக்கும். பாப்பா வந்து பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி ஆயிடுச்சே" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வந்து சொன்னாள். "அப்படியே இருக்குப்பா. முன்னவிட மோசமோன்னுகூடத் தோணுது."

"நான் போட்டுப் பாத்தேனே. சுவர்ல நல்லா அடிச்சுதே" என்றேன்.

"எனக்கு ரோடே சரியாத் தெரியல."

"கண்ணக் காட்டிரு பாப்பா. அம்மாவுக்கும் உன் வயசுலதான் ஆரம்பிச்சுது."

அவளுடைய அம்மாவுக்குக் கடைசி வரை கண்ணாடியில்லாமல் ஊசி கோர்க்கிற கண். ஆனால் பாப்பா என்னை நம்பினாள். கண் டாக்டரிடம் போனாள். ஒன்றுமில்லை என்றார். வேறொரு டாக்டரிடம் போனாள். அவரும் அதையே சொன்னார். விளக்கு விஷயத்தில் என் பேச்சை அவள் சந்தேகித்ததே இல்லை. உள்ளூரில் அந்த வேலைக்கு நான்தானே ஆள். வாரக் கடைசியில் மெழுகு போய் விளக்கு வெளுத்துத் தெரியும். "வெள்ளையா இருக்கே" என்பாள். "தூசி. ஞாயித்துக்கெழம தொடச்சுத் தரேன்" என்பேன். ஞாயிறன்று துடைப்பேன். துடைப்பதற்கு முன் இன்னும் கொஞ்சம் தேய்ப்பேன். அந்த மாடலுக்குப் புது விளக்கு ஒரு ஜோடி என் கடைப் பரணில் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. அரை மணி நேரத்தில் மாட்டியிருக்கலாம்.

இப்படி நாலு மாதம். அவள் மாலை வீடுகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டாள். போஸ்ட்மேன் வீட்டை மட்டும் விடவில்லை. நான் அவளுக்குக் கெடுதல் எதுவும் நினைக்கவில்லை, மேடம். இருட்டில் ஓட்டாமல் இருந்தால் பத்திரம்தானே என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு புதன்கிழமை காரைக் கழுவும்போது முன்சீட்டுப் பெட்டியில் ஒரு கடிதத்தைப் பார்த்தேன். மூன்று மணி நேரத் தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தங்க இடமும் தருகிறார்கள். வியாழக்கிழமை மதியம் நேரில் வந்து பேசி முடிவு சொல்ல வேண்டும். கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. கடிதத்தை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். கடைக்குள் போய் நானூறாம் நம்பர் தாளை எடுத்து வந்தேன். விளக்குக்கு அந்தத் தாளை யாரும் தொட மாட்டார்கள், அது துரு எடுக்கிற தாள். தண்ணீர் விடாமல் தேய்த்தேன். பிறகு பெயிண்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து ஒரு தடவை துடைத்தேன். அந்தப் பிளாஸ்டிக்குக்கு தின்னர் ஆகாது. பட்டதும் வெந்த மாதிரி வெளுத்துப்போகும். மறுநாள் காலையில் பார்த்தால் இந்த வண்டியில் அவ்வளவு தூரம் முடியாது என்று விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பார்க்கவில்லை. பகல்தானே, யார் விளக்கைப் பார்க்கிறார்கள்? "ப்பா, ஒரு ஃபிரெண்டப் பாத்துட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டாள். அப்போது நான் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்று கை காட்டினேன்.

ஆறரைக்கு போன் செய்தாள். வழியில் நேரமாகிவிட்டது, ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன் என்றாள். ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறாள்.

"வெளிச்சமே பத்தலப்பா. ஹைபீம் போட்டா முன்னாடி வெள்ளையா மறைக்குது. மெதுவா வரேன்."

'அங்கேயே நில்லு, நான் வந்து கூட்டிட்டு வரேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். போனால் நான்தான் காரை ஓட்டி வர வேண்டும். விளக்கு எப்படி இருக்கிறது என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தே நான் பார்த்தாக வேண்டும். அதன் பிறகு என்ன சொல்வது?

"மெதுவா வா" என்றேன்.

பாப்பாவின் கார் மோதிய அந்த மனிதர் தையல்காரர். கடையைப் பூட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். செயின் கழன்றிருந்தது. ஆறு ஐம்பது. அவருக்கு வீட்டில் மனைவியும் இரண்டு பெண்களும். நான் போய்ச் சேர்ந்தபோது பாப்பா சாலையில் மண்டியிட்டு அவருடைய நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். எண்ணிக்கொண்டே அழுத்தினாள். ஆம்புலன்ஸ் ஆள் வந்து அவளுடைய தோளைத் தொட்டு, "போதும்மா, விடுங்க" என்ற பிறகும் அழுத்தினாள். கையைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சுற்றி நின்றவர்கள் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "தெரியல. எனக்குத் தெரியவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். விசாரிக்க வந்தவர் அதை, 'எப்படி நடந்தது என்று தனக்குத் தெரியாது எனக் கூறினார்' என்று எழுதிக்கொண்டார். அவள் சொன்னது அது இல்லை. ஆள் தெரியவில்லை என்று சொன்னாள். கண்ணுக்குத் தெரியவில்லை என்று. பக்கத்தில் நின்ற எனக்கு அது புரிந்தது. நான் திருத்தவில்லை.

அப்போதைய ஏட்டு எனக்குப் பழக்கம். ஸ்டேஷனில் வண்டி நிறுத்த இடமில்லை. "உங்க ஷெட்லயே நிக்கட்டுண்ணே. காலையில பத்து மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரு" என்றார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். மகளுடைய வண்டிக்கு அப்பா என்ன செய்துவிடப் போகிறான்?

விடிந்ததும் ஷெட்டைத் திறந்தேன். வலது விளக்கு முழுசாக இருந்தது. இடது விளக்கில் ஒரு விரிசல். விரிசலில் ஒரு நூல் சிக்கியிருந்தது. வெள்ளை நூல், ஒரு விரல் நீளம் இருக்கும். அதை உருவி எடுத்துவிட்டு டேப் ஒட்டினேன். எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு, மூவாயிரம். விரிசல் விட்டதைத் தேய்ப்பது சுலபமில்லை. கை கொஞ்சம் அழுந்தினால் இரண்டாகப் போய்விடும். பாலிஷ் போட்டு, பூச்சு அடித்து, விளக்கை எரியவிட்டு அந்தச் சூட்டில் காய வைத்தேன். வாசனை போக ஃபேனைத் திருப்பி வைத்தேன். கடைசியில் இரண்டின் மேலும் சாலைத் தூசியைத் தூவி, ஊதிவிட்டேன். அந்த வேலையை இதுவரை எந்த வண்டிக்கும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. வெளிச்சம் எதிர்ச் சுவரில் கோடு கிழித்ததுபோல் விழுந்தது.

பாப்பாவுக்காகத்தான் செய்தேன் என்று மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். விளக்கு சரியில்லாத வண்டியை ஓட்டினாள் என்று அவள்மேல் பழி வரக்கூடாதே என்று. பூச்சு காய்கிறவரை நான் வேண்டிக்கொண்டது அவளுக்காக இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பத்தே காலுக்கு வந்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். 'இரு முன்விளக்குகளும் நல்ல நிலையில் இருந்தன' என்று எழுதினார்.

கோர்ட்டில் அதைப் படித்தபோது பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுடைய வக்கீல் முதலில் விளக்கு மங்கல் என்றுதான் வாதாடுவதாக இருந்தார். "நிஜமாப்பா?" என்பது மாதிரி பார்த்தாள். நான் மெதுவாகத் தலையாட்டினேன். அவள் எழுந்து, "லைட்டுல ஒண்ணும் இல்ல. நான்தான் பாக்கல. என் தப்பு" என்றாள். தையல்காரரின் மனைவி அங்கே உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பெரிய பெண்ணின் தலையைத் தன் மடிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பத்து மாதம் உள்ளே இருந்தாள். வாராவாரம் போய்ப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விபத்து அவர்களுக்குத் தெரியாதுபோல. அப்பாவைத் தனியாக விட்டு வர மனமில்லை என்று நீங்கள் நேரில் வந்து சொன்னதை மதிக்கிறோம், எப்போது மனம் மாறினாலும் எழுதலாம் என்று இருந்தது. அன்றைக்கு அவள் அவ்வளவு தூரம் போனது வேண்டாம் என்று சொல்வதற்கு. போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்திருப்பாள், அவளுடைய அம்மா மாதிரி.

அந்தக் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை.

வெளியே வந்த பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. "என் கைய நம்பி யாருப்பா எந்திரிச்சு நிப்பாங்க?" என்றாள். மூன்றாவதாக ஒரு கண் டாக்டரிடம் அவளே போய்வந்தாள். பிறகு நரம்பு டாக்டரிடம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம் கூடியது. "கண்ணு பாக்குது, மூளை வாங்கிக்கலபோல" என்றாள் ஒரு நாள். தெருவைக் கடக்க மாட்டாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். சுவிட்ச், தாழ்ப்பாள், பாலில் ஏதாவது விழுந்திருக்கிறதா, எல்லாவற்றையும் நான் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு நான் வரும்போது இரண்டு தட்டையும் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். பேச்சுதான் இல்லை.

போன வாரம் போஸ்ட்மேனின் மகள் வீட்டுக்கு வந்தாள். அவர் இறந்துவிட்டாராம். பழைய போனில் இருந்த படங்களை எடுத்துப் பார்த்தபோது ஒன்று கிடைத்தது என்று பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தாள். போஸ்ட்மேன் கேட்டுக்கு வெளியே தடியில்லாமல் நிற்கிறார். பக்கத்தில் பாப்பா, பிடிக்கவில்லை, பிடிப்பதற்குத் தயாராகக் கையை விரித்துச் சிரிக்கிறாள். பின்னால் எங்கள் கார். இரண்டு விளக்கும் கண்ணில் பூ விழுந்த மாதிரி வெள்ளையாக. கீழே தேதி இருந்தது. விபத்துக்கு ஐந்து நாள் முன்னால்.

அந்தப் பெண் போன பிறகு பாப்பா படத்தை வெகுநேரம் பார்த்தாள். தன்னைப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ப்பா. லைட்டு ஏன் இப்படி இருக்கு?"

"வெயில் பட்டு அப்படித் தெரியுது பாப்பா. போன் கேமரா வேற" என்றேன்.

அவள் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பி வந்து என்னிடமே கொடுத்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். என் கண்ண நான் எங்க நம்பறது" என்றாள். பிறகு, "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்று சொல்லிவிட்டு என் தட்டில் சோறு போட்டாள்.

என்னால் சாப்பிட முடியவில்லை, மேடம். ஐந்து நாளாக எதுவும் உள்ளே இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன். படம் உங்கள் மேசையில் இருக்கிறது. பெட்டியோடு அந்த ஜோடி விளக்கும் பரணில் இருக்கிறது, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தையல்காரரைக் கொன்றது நான். என் மகளின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

அவளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும் என்கிறீர்கள். சரி. ஆனால் நானும் கூட இருக்கும்போது சொல்லுங்கள். அறிமுகமில்லாதவர்கள் திடீரென்று போய் நின்றால் பயந்துவிடுவாள். கதவைத் தட்டினாலும் பயனில்லை, அவளால் திறக்க முடியாது. நான் கிளம்பும்போது வெளியே பூட்டிவிட்டுத்தான் வருவேன். ஒரு வருடத்துக்கு மேலாக அப்படித்தான். பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி உண்டா என்று கேட்கிறீர்கள். இல்லை, சாவி ஒன்றுதான். அது என்னிடம் இருப்பதுதான் அவளுக்கு நிம்மதி.